ஹீமோபிலியா உள்ள பெரியவர்களுக்கு பேலன்ஸ் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹீமோபிலியா (ரத்தத்தை உறைய வைக்கும் ஒரு புரதம் குறைவாக இருப்பதால் ரத்தக்கசிவு எளிதில் நிற்காத குறை) உள்ளவர்களுக்குப் பிசியோதெரபி கொடுப்பது என் வேலை. பயிற்சி சொல்லிக் கொடுக்க ஆகும் நேரத்தைவிட, அதற்கு முன்னால் வரும் சந்தேகங்களுக்குப் பதில் சொல்ல ஆகும் நேரம்தான் அதிகம். ஃபேக்டர் (குறைவாக இருக்கும் அந்தப் புரதம்) ஊசி வழியாக ஏறிக்கொண்டிருக்கும்போது கேட்டவை, கிளம்பும் நேரத்தில் வாசற்படியில் நின்று கேட்டவை எல்லாவற்றையும் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே போட்டிருக்கிறேன். இது 18 வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும். உங்கள் மூட்டைத் தொட்டுப் பார்த்த டாக்டரோ பிசியோதெரபிஸ்டோ வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொன்னதையே கேளுங்கள்.

"பேலன்ஸ் பயிற்சின்னா என்ன மேடம்? கயித்து மேல நடக்கச் சொல்வீங்களா?"

இல்லை. நிற்கும்போதும் நடக்கும்போதும் சட்டென்று திரும்பும்போதும் உடம்பு சாயாமல் சமாளிக்கும் திறமையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவதுதான் பேலன்ஸ் பயிற்சி. எடை தூக்குவது கிடையாது, குதிப்பது கிடையாது. பார்க்கிறவர்களுக்கு நீங்கள் சமையல் மேடை பக்கத்தில் சும்மா நிற்பது போலத்தான் தெரியும். "என்னங்க, வேலை இல்லையா?" என்று வீட்டில் கேட்டால் சரியாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம்.

"எனக்கு ரத்தம் உறையாத பிரச்சினைதானே? அதுக்கும் தடுமாறுறதுக்கும் என்ன சம்பந்தம்?"

நாம் விழாமல் நிற்பதற்கு மூளைக்கு மூன்று இடத்திலிருந்து தகவல் வருகிறது: கண், உள்காது, அப்புறம் மூட்டும் தசையும் பாதமும். கணுக்கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது, முட்டி எவ்வளவு மடங்கியிருக்கிறது என்பதைப் பார்க்காமலே நாம் உணர்வது அந்த மூன்றாவது வழியில்தான். ஹீமோபிலியாவில் அடிக்கடி ப்ளீட் (உள்ளே ரத்தக்கசிவு) ஆகும் இடங்கள் கணுக்கால், முட்டி, முழங்கை. மூட்டுக்குள் இறங்கிய ரத்தத்தில் உள்ள இரும்பு அங்கேயே தங்கி, உள்சவ்வைத் தடிக்க வைத்து, குருத்தெலும்பை அரிக்கிறது. கூடவே அந்த மூட்டைச் சுற்றியுள்ள உணர்வும் மங்குகிறது. வீங்கிய முட்டிக்கு மேலே உள்ள தொடைத் தசையையும் உடம்பு தானாகவே அடக்கி வைத்துவிடும். பத்து இருபது வருஷம் இப்படிப் போனால் மூட்டிலிருந்து வரும் தகவலும் குறைவு, தாங்கும் பலமும் குறைவு.

இந்தக் குறையைக் கண் ஈடுகட்டிக்கொண்டே இருப்பதால் பலருக்குத் தெரிவதில்லை. தெரியவருவது குளியலறையில்தான். முகத்தில் சோப்பு போட்டுக் கண்ணை மூடியதும் ஒரு கை தானாகச் சுவரைத் தேடும். "உங்களுக்கு அப்படி ஆகுமா?" என்று கேட்டால், பாதிப் பேர் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் ஆமாம் என்பார்கள். இரவில் கரண்ட் போனால் நின்ற இடத்திலேயே நிற்பதும் இதே கதைதான்.

"சின்ன வயசுல ஓடாதே, ஆடாதேன்னு வளர்த்தாங்க. இப்ப நீங்க ஒத்தைக் காலில நிக்கச் சொல்றீங்க. எது சரி?"

ஃபேக்டர் கிடைக்காத காலத்தில் உங்கள் அம்மாவுக்கு வேறு வழி இல்லை. ஒரு முறை விழுந்தால் மாதக்கணக்கில் படுக்கை என்று பார்த்தவர் அவர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அசையாமலே இருந்ததற்கும் ஒரு விலை உண்டு. கால் சூம்பும், மூட்டு இறுகும், எலும்பின் அடர்த்தி குறையும். கடுமையான ஹீமோபிலியா உள்ளவர்களுக்கு எலும்பு அடர்த்தி குறைவாக இருப்பது அடிக்கடி காணப்படுகிற விஷயம். பலமில்லாத காலோடு தடுமாறி விழுந்து, எலும்பும் முறிந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

கபடி, குத்துச்சண்டை மாதிரி உடம்போடு உடம்பு மோதும் விளையாட்டுகளுக்கு இன்றைக்கும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நிற்பது அந்தக் கணக்கில் சேராது.

"எனக்குத் தடுமாற்றம் இருக்கா இல்லையான்னு வீட்டிலேயே பார்க்க முடியுமா?"

ஓரளவு முடியும். பக்கத்தில் ஒருவர் இருக்கும்போது, மூட்டில் வலியோ வீக்கமோ இல்லாத ஒரு நாளில் செய்யுங்கள். கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்காருங்கள். அங்கிருந்து 3 மீட்டர் தூரத்தில் தரையில் ஒரு சாக்பீஸ் கோடு. எழுந்து, வழக்கமான வேகத்தில் கோடு வரை நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை வினாடி ஆகிறது என்று போனில் பாருங்கள். வயதானவர்களுக்கு 12 வினாடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் அபாயம் இருப்பதாக எடுத்துக்கொள்வார்கள். நாற்பது வயதுக்காரருக்கே அவ்வளவு ஆனால் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று, சுவர் ஓரமாக ஒரு காலில் நிற்பது. நாற்பது வயதில் மூட்டுப் பிரச்சினை இல்லாதவர் 30 வினாடி சாதாரணமாக நிற்பார். உங்களுக்கு 5 வினாடிகூட வரவில்லை என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதுதான் உங்கள் தொடக்கப் புள்ளி, எழுதி வையுங்கள். இரண்டு காலுக்கும் தனித்தனியாக எழுதுங்கள், வித்தியாசம் நிறைய இருக்கும்.

மருத்துவமனையில் வேறு அளவுகோல்களும் பார்ப்போம். வேலூர் சி.எம்.சி.யில் உருவான 'ஃபிஷ்' என்ற மதிப்பெண் முறை எனக்குப் பிடித்தது. குளிப்பது, உடை மாற்றுவது, குந்தி உட்காருவது, படியேறுவது என்று 8 வேலைகளை நேரில் செய்யச் சொல்லிப் பார்த்து, மொத்தம் 32-க்கு மதிப்பெண். குந்துவதைக் கேட்கிற அளவுகோல் நம் ஊர் வாழ்க்கைக்குப் பொருந்துகிறது.

"சரி, எதுல ஆரம்பிக்கிறது?"

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் ஆரம்பியுங்கள். முன்னால் சமையல் மேடை மாதிரி ஆடாத, இடுப்பு உயரப் பிடிமானம். பின்னால் கையில்லாத பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், அது வழுக்கிக்கொண்டு போகும். கனமான மர நாற்காலி சரி. தரை காய்ந்திருக்க வேண்டும். மிதியடியை எடுத்துவிடுங்கள். லுங்கி கட்டியிருந்தால் மடித்துக் கட்டுங்கள். காலில் சிக்கி விழப்போனவரை நானே பார்த்திருக்கிறேன்.

முதல் படி: இரண்டு பாதமும் ஒட்டினாற்போல் நின்று, விரல் நுனியால் மட்டும் மேடையைத் தொட்டபடி 30 வினாடி. ஆடாமல் வந்தால் விரலை எடுத்துவிட்டு, மேடைக்கு மேலேயே கையை வைத்திருங்கள். அது சுலபமானதும் உடம்பின் எடையை மெல்ல இடது காலுக்கும் வலது காலுக்கும் மாற்றுங்கள். இரண்டாவது படி: ஒரு பாதத்தைப் பாதி முன்னால் வைத்து நிற்பது. அது வந்தபின், அறையைக் காலடியால் அளப்போமே, அந்த மாதிரி ஒரு குதிகால் மற்றக் காலின் விரலைத் தொடும்படி நேர்கோட்டில் நிற்பது. பிறகு அதே மாதிரி மேடை ஓரமாகவே நடப்பது. மூன்றாவது படிதான் ஒற்றைக் கால். அதிலும் முதலில் இரண்டு கையாலும் பிடித்து, பிறகு ஒரு கை, பிறகு ஒரு விரல்.

கூடவே இரண்டு பலப் பயிற்சி சேர்த்துக்கொள்ளுங்கள்: நாற்காலியிலிருந்து கையூன்றாமல் (முடியாவிட்டால் ஊன்றியே) மெதுவாக எழுந்து மெதுவாக உட்காருவது 8 முறை, மேடையைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி இறக்குவது 8 முறை. உட்காரும்போது 'தொப்'பென்று விழுகிறவர்கள்தான் அதிகம். மெதுவாக இறங்குவதிலும் தசைக்கு வேலை உண்டு.

கண்ணை மூடிச் செய்வதைப் பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்.

"எவ்வளவு நேரம்? வாரத்துக்கு எத்தனை நாள்?"

ஒரு தடவைக்கு 10 முதல் 15 நிமிஷம், வாரத்தில் 3 அல்லது 4 நாள். ஒரே நாளில் ஒரு மணி நேரம் செய்துவிட்டு ஒரு வாரம் விடுவது மூட்டுக்கும் நல்லதல்ல, பலனும் இல்லை. ஒரு படியில் இரண்டு வாரமாவது வலியில்லாமல் நின்றபின் அடுத்ததற்குப் போங்கள். மாற்றம் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். அவசரக்காரர்களிடம்தான் எனக்குப் பயம்.

"ஃபேக்டர் போட்டுட்டுத்தான் செய்யணுமா? வாங்கி வந்து வைக்கிறதே குறைவு."

இதுதான் நான் அதிகம் கேட்கும் கேள்வி. ஃபேக்டர் 8 (ஹீமோபிலியா ஏ-க்குப் போடுவது) உடம்பில் ஏறத்தாழ 12 மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஃபேக்டர் 9 (ஹீமோபிலியா பி-க்குப் போடுவது) பாதியாக 18 முதல் 24 மணி நேரம் ஆகும். நீண்ட நேரம் நிற்கும் புதிய வகை ஃபேக்டர்களுக்கு இந்தக் கணக்கு வேறு. நீங்கள் தடுப்பு முறையில் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை போட்டுக்கொள்கிறவர் என்றால், ஒற்றைக் கால், நேர்கோட்டு நடை மாதிரிக் கடினமானவற்றை ஃபேக்டர் போட்ட அன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் முதல் படி மட்டும்.

ப்ளீட் ஆனால் மட்டும் போடுகிறவர்கள் முதல் படியையும் நாற்காலிப் பயிற்சியையும் வைத்தே நீண்ட காலம் ஓட்டலாம். அதற்கு மேல் போகும் முன் உங்கள் ஹீமட்டாலஜி (ரத்த நோய்) டாக்டரிடம், "பிசியோதெரபி தொடங்கப் போகிறேன், அதற்காக ஃபேக்டர் கிடைக்குமா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்காமல் விட்டவர்கள் நிறையப் பேர். பயிற்சிக்காக என்று கைவசம் இருக்கும் அவசர ஃபேக்டரை மட்டும் தீர்த்துவிடாதீர்கள்.

எமிசிசுமாப் ஊசி (ஃபேக்டர் 8-ன் வேலையைச் செய்யும் மருந்து, தோலுக்கு அடியில் போடுவது, ஹீமோபிலியா ஏ-க்கு மட்டும்) எடுப்பவர்களுக்குப் பாதுகாப்பில் ஏற்ற இறக்கம் அதிகம் இல்லை. அதனால் நாள் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் அதை நம்பி மூன்றாவது படிக்கு முதல் வாரமே தாவ வேண்டாம். ப்ளீட் குறைந்துவிடும், முன்பே கெட்டுப்போன மூட்டு புதிதாகிவிடாது.

"செய்யும்போது வலிச்சா அது ப்ளீடா, பழைய மூட்டு வலியா?"

பழைய மூட்டு வலி காலையில் எழுந்ததும் இறுக்கமாக இருக்கும், கொஞ்சம் நடந்தால் இளகும், நிறைய நடந்தால் மறுபடி வலிக்கும், உட்கார்ந்தால் அடங்கும். உங்களுக்குப் பழகிய வலி அது. ப்ளீட் அப்படி இல்லை. வலிக்கு முன்னாலேயே மூட்டுக்குள் குறுகுறுவென்றோ ஏதோ ஊறுவது போலவோ இருப்பதாகச் சொல்வார்கள். பிறகு சூடு, வீக்கம், மடக்க முடியாமை. உட்கார்ந்தாலும் அடங்காது, நேரம் போகப் போகக் கூடும். புறங்கையை இரண்டு முட்டியிலும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். சூட்டின் வித்தியாசம் அதில் தெரியும்.

சந்தேகமாக இருந்தால் ப்ளீட் என்றே வைத்துக்கொண்டு நிறுத்துங்கள், ஃபேக்டருக்கு ஏற்பாடு செய்யுங்கள். காத்திருந்து உறுதி செய்வதற்குள் மூட்டு நிறைந்துவிடும். வலிக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எதையும் கடையில் கேட்டு வாங்காதீர்கள். தெருமுனை கிளினிக்கில் இடுப்பில் ஊசி போட வந்தால் ஹீமோபிலியா என்று சொல்லித் தடுத்துவிடுங்கள். தசைக்குள் போடும் ஊசியே ஒரு ப்ளீடை உண்டாக்கும்.

"ப்ளீட் ஆயிடுச்சு. திரும்ப எப்ப ஆரம்பிக்கலாம்?"

தேதி கணக்கு கிடையாது. வலி போய், வீக்கம் வற்றி, மூட்டு முன்பு எவ்வளவு மடங்கி நீண்டதோ அவ்வளவுக்குத் திரும்ப வந்தபின். முதலில் படுத்தபடி, உட்கார்ந்தபடி அசைவு, பிறகு பிடித்துக்கொண்டு நிற்பது. விட்ட இடத்திலிருந்து தொடராதீர்கள், முதல் படிக்கே வாருங்கள். இரண்டாம் தடவை சீக்கிரம் ஏறிவிடுவீர்கள்.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்கிறேன். அடிவயிறு, தொடைமடிப்புப் பக்கம் வலித்து, காலை நீட்ட முடியாமல் மடக்கியே வைக்கத் தோன்றினால், தொடையின் முன்பக்கம் மரத்துப்போனால், அது சோயாஸ் தசையில் (கீழ் முதுகிலிருந்து இடுப்பு வழியாகத் தொடைக்கு வரும் உள்தசை) ப்ளீடாக இருக்கலாம். நடக்கவே கூடாது, நேராக மருத்துவமனை. அது ஆறச் சில வாரங்கள் ஆகும். ஸ்கேனில் சரியானது தெரிந்து டாக்டர் சொல்லும்வரை எந்தப் பயிற்சியும் இல்லை.

ஒரே மூட்டில் ஆறு மாதத்துக்குள் மூன்று தடவையோ மேலோ தானாகவே ப்ளீட் ஆனால் அது 'டார்கெட் ஜாயின்ட்'. அந்தக் காலுக்குப் பயிற்சியைக் கூட்டுவதற்கு முன் சிகிச்சையைத்தான் மாற்றிப் பார்க்க வேண்டும்.

"என் கணுக்கால் இறுகி அசையவே அசையாது. அசையாத மூட்டுக்கு எதுக்குப் பயிற்சி?"

பயிற்சி அந்த மூட்டுக்கு அல்ல, அதன் வேலையைச் சேர்த்துச் செய்யும் இடுப்புக்கும் முட்டிக்கும். கணுக்கால் செய்ய வேண்டிய சின்னச் சின்னத் திருத்தங்களை இனி இடுப்புத் தசை செய்ய வேண்டும். அதனால் உங்களுக்குப் பக்கவாட்டில் காலைத் தூக்கி இறக்குவது, மேடை ஓரமாகப் பக்கவாட்டில் நடப்பது இரண்டும் முக்கியம். ஒற்றைக் கால் நேரத்தை நல்ல காலோடு ஒப்பிட்டு மனம் நோகாதீர்கள்.

முட்டி முழுதாக நீளாதவர்களுக்கு அந்தக் கால் குட்டை மாதிரி ஆகிவிடும். அப்போது பயிற்சிக்கு முன் செருப்பைப் பாருங்கள். குதிகாலுக்கு அடியில் சரியான உயரம் கொடுத்தாலே பாதித் தடுமாற்றம் போவதைப் பார்த்திருக்கிறேன். பின்பட்டை இல்லாத ரப்பர் செருப்புதான் எனக்கு ஜென்ம விரோதி. முட்டி மாற்று அறுவை ஆனவர்களும் பேலன்ஸ் பயிற்சி செய்யலாம், செய்யவும் வேண்டும். எப்போது தொடங்குவது என்பதை அறுவை செய்தவர் சொல்ல வேண்டும்.

"எனக்கு முழங்கையும் சரியில்ல. பிடிமானத்தைப் பிடிச்சா கை வலிக்குது."

அப்படியானால் எடையைக் கையில் போடாதீர்கள். முன்கை முழுவதும் படியும்படி உயரமான மேடையில் வையுங்கள், அல்லது சுவர் மூலையில் நில்லுங்கள். இரண்டு பக்கமும் சுவர், முன்னால் நாற்காலி முதுகு. மூலை இலவசம், எல்லா வீட்டிலும் இருக்கிறது.

"இன்ஹிபிட்டர் இருக்குன்னு சொல்லிட்டாங்க. அப்ப இது எனக்கு இல்லையா?"

உண்டு, ஆனால் தனியாக இல்லை. இன்ஹிபிட்டர் என்றால் போடும் ஃபேக்டரை உடம்பே எதிர்க்கிறது. ப்ளீட் ஆனால் அடக்குவது கஷ்டம். அதனால் ஒவ்வொரு படியும் பிசியோதெரபிஸ்ட் முன்னிலையில், டாக்டருக்குத் தெரிந்துதான். எமிசிசுமாப் எடுத்துக்கொண்டிருந்தால் ஃபீபா (இன்ஹிபிட்டர் உள்ளவர்களுக்கு ப்ளீடை அடக்கப் போடுவது) மாதிரி மருந்தை நீங்களாகப் போட்டுக்கொள்ளாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் ரத்தம் தேவையில்லாத இடத்தில் உறையும் ஆபத்து உண்டு.

"மைல்டுன்னு சொன்னாங்க. எனக்கும் இவ்வளவு கட்டுப்பாடா?"

ஃபேக்டர் அளவு 1 சதவீதத்துக்குக் கீழே என்றால் கடுமை, 1 முதல் 5 வரை நடுத்தரம், 5-க்கு மேல் 40-க்குள் மைல்டு. மைல்டுகாரர்களுக்கு மூட்டு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், படிகளைச் சீக்கிரம் கடக்கலாம். ஆனால் அடிபட்டால் ரத்தம் நிற்காது என்பது உங்களுக்கும் பொருந்தும். "எனக்கு ஒன்றும் ஆகாது" என்று தாமதமாக வருகிறவர்கள் உங்கள் கூட்டத்தில்தான் அதிகம்.

"யூடியூப்ல மெத்தை மேல நின்னு, பேலன்ஸ் போர்டுல நின்னு பண்றாங்களே? யோகா பண்ணலாமா?"

மெத்தையும் போர்டும் கணுக்காலை எதிர்பாராத பக்கம் புரட்டும். மேலே சொன்ன மூன்று படியும் முடித்து, கணுக்காலில் ஆறு மாதமாக ப்ளீட் இல்லை என்றால், ஆள் துணையோடு பார்க்கலாம். அதற்கு முன் காசு செலவழிக்க வேண்டாம்.

யோகாவில் விருட்சாசனம் ஒற்றைக் கால் பயிற்சிதான். பாதத்தைத் தொடையில் ஏற்றாமல், கணுக்கால் பக்கத்தில் வைத்து, சுவர் ஓரமாகச் செய்யலாம். பத்மாசனம், வஜ்ராசனம் மாதிரி முட்டியை முழுக்க மடக்கி அழுத்துபவை வேண்டாம். "வலியைத் தாண்டிப் போங்கள்" என்று சொல்லும் குருவிடம் போகாதீர்கள்.

"பயிற்சி பண்ணும்போதே விழுந்துட்டா?"

உடனே எழாதீர்கள். எங்கே அடி என்று பாருங்கள். மூட்டில் என்றால் ஓய்வு, துணியில் சுற்றிய ஐஸ், கட்டு, உயர்த்தி வைப்பது, ஃபேக்டர். தலையில் அடி என்றால், வலி இல்லாவிட்டாலும், காயம் தெரியாவிட்டாலும், முதலில் ஃபேக்டர், அடுத்து மருத்துவமனை. வாந்தியோ தலைவலியோ வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வீட்டில் எல்லோருக்கும் இந்த ஒரு விஷயமாவது தெரிந்திருக்கட்டும்.

"இதனால பலன் உண்டுன்னு நிரூபணம் இருக்கா, இல்ல நீங்களா சொல்றதா?"

நல்ல கேள்வி. ஆஸ்திரேலியாவில் செய்து 2010-ல் வெளியான ஒரு சிறு ஆய்வு உண்டு. ஹீமோபிலியா உள்ள 20 ஆண்களுக்கு, ஒவ்வொருவரின் மூட்டைப் பார்த்து, வீட்டில் செய்யும் பேலன்ஸ், பலம், நடைப் பயிற்சிகளை 4 மாதத்துக்குக் கொடுத்தார்கள். முடித்தவர்கள் 12 பேர். பயிற்சியால் மூட்டு மோசமானதாக யாரும் விலகவில்லை. பல அளவுகளில் முன்னேற்றம் தெரிந்தது, ஆனால் புள்ளியியல் கணக்கில் உறுதி என்று சொல்லும் அளவுக்கு இல்லை. ஆள் குறைவு, ஒப்பிடத் தனிக் குழுவும் இல்லை.

ஆகவே அதிசயம் நடக்கும் என்று நான் சொல்லவில்லை. கவனமாகச் செய்தால் செய்யக்கூடியது, கெடுதல் குறைவு என்று சொல்கிறேன். 20-ல் 8 பேர் முடிக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். என்னிடம் வருகிறவர்களிலும் பலர் விடுவது வலியால் அல்ல, சலிப்பால்தான்.

"இதையெல்லாம் எழுதி வைக்கணுமா மேடம்?"

நான்கே விஷயம்: தேதி, எத்தனை வினாடி, ஃபேக்டர் போட்ட நாளா, வலி இருந்ததா. நோட்டு வாங்க வேண்டாம். ஒருவர் தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் எழுதி, ரப்பர் பேண்டு போட்டு, மாதாமாதம் கொண்டுவருவார். அதைப் பார்த்தாலே எந்த வாரம் அவசரப்பட்டார், எந்த வாரம் விட்டார் என்று எனக்குத் தெரிந்துவிடும். போன மாதக் கட்டில் ஒரு தாள் இப்படி இருந்தது: "இடது கால் 12 வினாடி. வலி இல்லை. குக்கர் விசில் அடித்ததால் நிறுத்தினேன்."